வாலிப வயதில் சர்க்கரை வியாதி



 சென்ற இதழ்களில் பிரசவ வார்டைப் பற்றியும் கண் முகாம்களைப் பற்றியும் வாசித்திருப்பீர்கள். இந்த முறை சர்க்கரை வியாதியைப் பற்றி எழுத விரும்புகிறேன். "இதில் புதிதாக என்ன இருக்கிறது? எங்கள் வீட்டிலேயே இரண்டு பேருக்கு இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். புதிதாக இருப்பது வியாதியல்ல, அது வருகிற வயது.

காலைதோறும் வார்டில் கட்டில் கட்டிலாகச் சென்று விசாரிப்பதும் விரும்புகிறவர்களோடு ஜெபிப்பதும் என் வேலை. கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையில் பெயரும் வயதும் இருக்கும். முன்பெல்லாம் காலில் புண்ணோடு படுத்திருப்பவரின் அட்டையைப் பார்த்தால் அறுபது, அறுபத்தைந்து என்று இருக்கும். இப்போது 27, 31, 24 என்ற எண்களையும் பார்க்கிறேன். படுத்திருக்கும் பிள்ளைக்குத் துணையாக வந்த தகப்பனாருக்குச் சர்க்கரை இல்லாமலிருப்பதும் உண்டு.

இது ஒரு வார்டின் கதை மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. அதன்படி 2021இல் நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. வியாதியின் வாசற்படியில் நிற்கிறவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர். பெரியவர்களில் நூற்றுக்கு 11.4 பேர் என்பது நாட்டின் சராசரி. தமிழ்நாட்டில் அது 14.4.

மேலே செல்லுமுன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். சர்க்கரை வியாதி ஒன்றல்ல. முதல் வகை பெரும்பாலும் சிறு பிள்ளைகளைத் தாக்குகிறது. கணையத்திலுள்ள இன்சுலின் சுரக்கும் அணுக்களைச் சரீரத்தின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுவதால் அது வருகிறது. மிட்டாய் தின்றதாலோ, தாய் கவனிக்காததாலோ அது வருவதில்லை. ஆனாலும் அப்படிப்பட்ட பிள்ளையின் தாயிடம், "சின்ன வயசிலே ஸ்வீட்டு குடுத்துப் பழக்கினியா?" என்று கேட்கிற உறவினர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். இந்தக் கட்டுரை இரண்டாம் வகையைப் பற்றியது. அதற்குப் பரம்பரையும் காரணம், நாம் வாழும் விதமும் காரணம்.

வாழும் விதம் எப்படி இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டுகிறது? கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குக் குதிர் தெரியும். அறுவடையான நெல்லைக் குதிரில் கொட்டி, தினமும் அள்ளிக் குத்திச் சமைப்பார்கள். நம் சரீரத்தில் தசைகள்தான் பெரிய குதிர். சாப்பிட்ட சோறும் இட்லியும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் வர, இன்சுலின் அதைத் தசைக்குள் ஏற்றுகிறது. ஓடியாடி வேலை செய்கிறவன் தினமும் குதிரைக் காலி செய்கிறான், புதிய நெல்லுக்கு இடம் இருக்கிறது. நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பவனின் குதிர் நிரம்பியே இருக்கிறது. மூட்டைகள் வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? கொஞ்சம் கொழுப்பாக மாறி வயிற்றிலும் ஈரலிலும் சேர்கிறது, மீதி தெருவில் கிடக்கிறது. தெரு என்று சொன்னது இரத்தக் குழாய்களை. நிலைமையைச் சமாளிக்கக் கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரக்கிறது. பல ஆண்டுகள் இப்படி உழைத்துச் சோர்ந்துபோகும் நாளில்தான் பரிசோதனைச் சீட்டில் சர்க்கரை தெரிகிறது. ஆகவே வியாதி தெரிய வருகிற நாள் அதன் முதல் நாள் அல்ல. 25 வயதில் தெரிய வந்தால் அது பதினைந்து, பதினாறு வயதிலேயே வேலையைத் தொடங்கியிருக்கக்கூடும்.

"என் மகன் ஒல்லியாகத்தானே இருக்கிறான்" என்று பெற்றோர் சொல்வதுண்டு. இதைக் குறித்து ஒரு சுவையான செய்தி சொல்கிறேன். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் தங்கள் சரீரங்களையே அளந்து, 2004இல் ஒரு மருத்துவ இதழில் தங்கள் படத்தோடு வெளியிட்டார்கள். உயரத்திற்கும் எடைக்கும் உள்ள விகிதக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் கொழுப்பு யுட்கினுக்கு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக்குக்கு 21.2 பங்கு! நம் மக்களுக்குக் கைகால் மெலிந்திருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் நமக்கு எடை இயந்திரத்தைவிடத் தையற்காரரின் டேப்பு நல்ல சாட்சி. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போனால் கவனிக்க வேண்டும். (போதகர்களின் இடுப்பளவைப் பற்றி இங்கே எழுதினால் என் நண்பர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள். விட்டுவிடுகிறேன்.)

இன்னொரு அடையாளமும் உண்டு. அது கழுத்தில் தெரியும். ஒரு தாயார் பத்தொன்பது வயது மகளைத் தோல் வியாதிப் பிரிவுக்கு அழைத்து வந்திருந்தார். பிடரியிலும் அக்குளிலும் வெல்வெட்டுத் துணி ஒட்டினாற்போலத் தடித்த கருப்பு. "அழுக்குன்னு நெனச்சு கடலை மாவு, எலுமிச்சம்பழம், பீர்க்கங்கூடு எல்லாம் போட்டுத் தேய்ச்சேன் ஐயா, போகவே மாட்டேங்குது" என்றார். அந்தப் பெண் தலை குனிந்து நின்றாள். கழுத்து தெரியாதபடி துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். அது அழுக்கல்ல. இரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மிஞ்சும்போது தோலின் அணுக்கள் தூண்டப்பட்டு இப்படித் தடித்துக் கறுக்கின்றன. தேய்த்தால் தோல்தான் புண்ணாகும், எடை குறைந்தால் கருப்பும் மெல்லக் குறையும். எங்கள் தோல் மருத்துவர் களிம்பு எழுதவில்லை, இரத்தப் பரிசோதனை எழுதினார். சர்க்கரை எல்லையைத் தொட்டிருந்தது, தாண்டவில்லை. அந்தப் பெண்ணுக்குக் கழுத்தே ஒரு முன்னறிவிப்பாயிற்று. உங்கள் வீட்டிலோ, நீங்கள் நடத்தும் ஓய்வுநாள் பள்ளியிலோ இப்படிக் கழுத்துள்ள பிள்ளையைக் கண்டால் கேலி செய்யாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

இனிப் பழக்கங்களுக்கு வருவோம். நான் முதலில் சொல்ல விரும்புவது உணவையல்ல, உட்கார்ந்திருப்பதை. 1953இல் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் இலண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். மாடி பஸ்களில் ஓட்டுநர் உட்கார்ந்தே இருப்பார், நடத்துநர் நாளுக்குப் பல நூறு படிகள் ஏறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஒரே பஸ், ஏறத்தாழ ஒரே விதமான குடும்பங்கள். ஆனால் இருதய வியாதி ஓட்டுநர்களுக்கே அதிகமாக இருந்தது. நம் பிள்ளைகளை நாம் ஓட்டுநர் இருக்கையில்தான் வைத்திருக்கிறோம். பள்ளிக்கு வேன், மாலையில் டியூஷன், இரவில் செல்போன். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் வந்துவிட்டால் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார், பெற்றோரும் அவருக்கு நன்றி சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்கும் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016ஆம் ஆண்டுக் கணக்குப்படி 11 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளில் உலகெங்கும் நூற்றுக்கு 81 பேருக்கு அது கிடைக்கவில்லை.

அடுத்தது ஆகாரம். நம்முடைய சாப்பாட்டில் அறுபது விழுக்காட்டுக்கு மேலான சக்தி மாவுச்சத்திலிருந்தே வருகிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, மாலையில் பஜ்ஜி, இரவில் மைதா பரோட்டா. காய்கறி ஒரு கரண்டி, பருப்பு சாம்பாரில் தேட வேண்டும். நம் பாட்டனாரும் சோறு தின்றார் என்று வாதிடுவார்கள். அவர் தின்றது தவிடு முழுதும் போகாத அரிசி, அதைத் தின்றுவிட்டு ஏர் பிடித்தார். மில்லில் தீட்டிய வெள்ளை அரிசியைத் தின்றுவிட்டுக் கணினி முன் உட்காரவில்லை. பாட்டில் பானங்களோ இன்னும் மோசம். 300 மில்லி கோலாவில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை, அதாவது ஆறு தேக்கரண்டி. ஒரு நாள் முழுவதற்கும் சேர்க்கப்படும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. தேநீரில் ஆறு கரண்டி சர்க்கரை போட்டால் குடிப்பீர்களா? குளிர்ச்சியாகவும் புளிப்பாகவும் இருப்பதால் நாக்குக்குத் தெரிவதில்லை. "எலக்ட்ரோலைட்", "எனர்ஜி" என்ற பெயர்களில் வருகிறவைகளையும் பின்பக்கத்து எழுத்தைப் படித்தே வாங்குங்கள்.

தூக்கத்தைப் பற்றி வாலிபர்களிடம் பேசினால் சிரிக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 11 ஆரோக்கியமான வாலிபர்களை ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுப் பரிசோதித்தார்கள். முடிவு 1999இல் வெளிவந்தது. அந்த ஆறே இரவுகளில் சர்க்கரையைக் கையாளும் திறன் தெளிவாகக் குறைந்துபோயிற்று. இரவு ஷிப்டு பார்க்கும் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை, அவர்கள் மேல் எனக்கு இரக்கமே உண்டு. ஆனால் கட்டிலில் படுத்துக்கொண்டு இரண்டு மணி வரை செல்போன் பார்ப்பதை ஷிப்டு என்று சொல்ல முடியாது. புகையிலையைப் பற்றி ஒரே வாக்கியம்: சர்க்கரையும் புகையும் ஒரே சரீரத்தில் சேர்ந்தால் காலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபடும் வேகம் கூடுகிறது, எங்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் விரல் இழந்த வாலிபர்களை நான் அப்படித்தான் சந்தித்தேன்.

சர்க்கரை சீக்கிரம் வந்தால் சீக்கிரம் மருந்து எடுத்தால் போகிறது என்று நினைக்க வேண்டாம். வாலிப வயதில் வரும் இரண்டாம் வகை, முதுமையில் வருவதைவிடக் கொடியது. அமெரிக்காவில் 10 முதல் 17 வயதில் இது கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2021இல் வந்த அறிக்கையின்படி, சராசரி 26 வயதாகும்போது நூற்றுக்கு 60 பேருக்குக் கண்ணிலோ, சிறுநீரகத்திலோ, நரம்பிலோ ஏதாவதொரு பாதிப்பு தொடங்கியிருந்தது. இருபத்தாறு வயது! நம் ஊரில் அது வேலை நிலைக்கிற வயது, கல்யாணப் பேச்சு நடக்கிற வயது. இரத்தக்குழாய்களும் வாலிபத்திலேயே கெடத் தொடங்குகின்றன என்பது வெகு காலமாகத் தெரிந்த செய்தி. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரரின் இருதயங்களைப் பரிசோதித்த மருத்துவர்கள், சராசரி 22 வயதான அவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு இருதயக் குழாய்களில் கொழுப்புப் படிவு முதலான மாற்றங்களைக் கண்டார்கள். அதுவும் வெளிவந்தது 1953இல்தான்.

எங்கள் டயாலிசிஸ் அறையில் ஒருவர் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, கையில் இரண்டு ஊசிகளோடு அசையாமல் படுத்திருக்க வேண்டும். முப்பது வயதானவருக்கு அப்படி ஆகும்போது வேலை போகிறது, மனைவி வேலைக்குப் போகிறார், குழந்தையைப் பாட்டி வளர்க்கிறார். ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "எனக்கு ஒரு வலியும் இல்லையே பாஸ்டர், எப்படி இவ்வளவு தூரம் போச்சு?" வலி இல்லாததுதான் இந்த வியாதியின் வஞ்சனை. சிறுநீரகம் கடைசி வரை அழுவதில்லை. விழித்திரையும் அப்படியே. காலிலோ உணர்ச்சியே போய்விடுவதால் ஆணி குத்தினாலும் தெரிவதில்லை.

கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன். இது பேசக் கூச்சமான காரியம், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். பெண்ணுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தால் வரன் அமையாது என்று பெற்றோர் மறைக்கிறார்கள். கல்யாணமான பிறகு மாமியார் கண்ணில் படும் என்று பெண் மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். இரண்டு மாதத்தில் கர்ப்பம். இங்கேதான் ஆபத்து. கருவில் முதல் எட்டு வாரங்களில் குழந்தையின் இருதயமும் முதுகுத்தண்டும் உருவாகின்றன. அப்போது தாயின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் அவை பழுதாக உருவாகும் ஆபத்து கூடுகிறது, கர்ப்பம் கலைவதும் உண்டு. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாயிருப்பது நிச்சயமாவதற்குள் அந்த வாரங்களில் பாதி முடிந்துவிடுகிறது. எனவே சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, மருத்துவர் சொன்ன பிறகே கருத்தரிக்க வேண்டும். அப்படிச் செய்கிறவர்கள் நல்ல சுகமுள்ள பிள்ளைகளைப் பெறுகிறார்கள். இதற்குக் கணவனுக்கும் மாமியாருக்கும் உண்மை தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின ஆலோசனைக்கு வாலிபர்கள் என்னிடம் வரும்போது இதையும் வெளிப்படையாகக் கேட்கிறேன். ஒரு நிச்சயதார்த்தம் இதனால் நின்றுபோயிற்று. பெண்ணின் தகப்பனார் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. இருந்தாலும் கேட்பதை நான் விடப் போவதில்லை.

நம்பிக்கையான செய்திகளும் உண்டு. சென்னையில் மருத்துவர் இராமச்சந்திரனும் குழுவினரும், சர்க்கரையின் வாசற்படியில் நின்ற 531 நடுவயதினரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பொதுவான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. தினமும் அரை மணி நேரம் விரைவாக நடக்கவும், சர்க்கரையையும் தீட்டிய மாவுப் பண்டங்களையும் குறைக்கவும் பழக்கப்பட்டவர்களில் அது 39 பேராகக் குறைந்தது. மருந்தில்லாமல்! வியாதி வந்து சில ஆண்டுகளே ஆனவர்களைப் பற்றி பிரிட்டனிலும் ஒரு ஆய்வு நடந்தது. கடுமையாக உணவைக் குறைத்து எடையை இறக்கியவர்களில் நூற்றுக்கு 46 பேர் ஓராண்டு கழித்து மாத்திரையின்றியே சர்க்கரை சரியான அளவில் இருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் அது 36 ஆயிற்று, ஏனென்றால் எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்புகிறது. இது மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டிய காரியம். தானாகப் பட்டினி கிடந்து மாத்திரையை நிறுத்துவதல்ல.

நிறுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. சுகமளிக்கும் கூட்டமொன்றுக்குப் போய்வந்த ஒரு கல்லூரி மாணவன், விசுவாசத்தினால் சுகமானேன் என்று இன்சுலினைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டான். மூன்றாம் நாள் மூச்சிரைப்போடும் நினைவிழந்தும் எங்கள் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். பிழைத்துக்கொண்டான். நான் ஜெபத்தை நம்புகிறவன், வாழ்நாள் முழுதும் அதைத்தான் செய்துவருகிறேன். ஆனால் இன்சுலினும் ஒரு ஈவுதான். 1921இல் டொரண்டோவில் அது கண்டுபிடிக்கப்படும்வரை முதல் வகைப் பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சில மாதங்கள் உயிரோடு வைத்திருப்பதே மருத்துவர்களால் முடிந்தது. 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். நம் மேடைகளில் நிற்கிறவர்கள் இதையும் சொன்னால் நன்றாயிருக்கும். "பதினைந்தே நாளில் சர்க்கரையைத் துரத்தும்" லேகியக்காரர்களுக்கும் இதே வார்த்தைதான்.

உங்கள் காணிக்கைகள் எங்கே போகின்றன என்று கேட்கிறவர்களுக்கு: விரல் நுனியில் குத்திச் சோதிக்கும் பட்டைகள், விழித்திரையைப் படமெடுத்தல், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் பரிசோதனை, இவைகளுக்குப் பணமில்லாத வாலிபர்களுக்காக அவை செலவிடப்படுகின்றன. கால் உணர்ச்சியைச் சோதிக்க ஒரு சிறிய நைலான் இழைதான் தேவை. பாதத்தில் வைத்து அழுத்தினால் பத்துக் கிராம் பாரத்தில் வளையும். அது பட்டது தெரியவில்லை என்று கண்ணை மூடியிருக்கும் வாலிபன் சொன்னால், அன்றிலிருந்து செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறோம். இந்த இழைக்கும் காலை வெட்டும் அறுவைச் சிகிச்சைக்கும் இடையிலுள்ள செலவின் வித்தியாசத்தை நீங்களே கணக்கிடுங்கள்.

சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஆராதனை முடிந்ததும் சர்க்கரைத் தேநீரும் வடையும், பிறந்தநாளுக்குக் கேக்கும், அசன விருந்துக்குப் பிரியாணியும் நம்முடைய ஐக்கியத்தின் அடையாளமாகிவிட்டன. விருந்தை நான் குறை சொல்லவில்லை, வருடத்துக்கு ஒரு அசனத்தால் யாருக்கும் சர்க்கரை வராது. வாரந்தோறும் நடக்கிறதுதான் கணக்கு. எங்கள் சிற்றாலயத்தின் வாலிபர் கூட்டத்தில் பஜ்ஜியையும் கலர் சோடாவையும் நிறுத்திச் சுண்டலும் மோரும் கொடுத்துப் பார்த்தோம். முதல் இரண்டு வாரம் முணுமுணுத்தார்கள். மூன்றாம் வாரம் ஒரு பையன் சுண்டலில் மாங்காய் போடச் சொன்னான். இப்போது கூட்டம் தொடங்குமுன் அரை மணி நேரம் வளாகத்தில் இறகுப் பந்தும் நடக்கிறது. வலையை வாங்கித் தந்தவர் இந்த இதழின் வாசகர்களில் ஒருவரே.

பெற்றோரில் ஒருவருக்காவது சர்க்கரை இருந்து, பிள்ளையின் எடையும் கூடியிருந்தால் பத்து வயதிலிருந்தோ பருவமடைந்தபின்போ பரிசோதனை செய்வது நல்லது. வெறும் வயிற்றில் 100க்குக் கீழே இருந்தால் சரி, 126ஐத் தொட்டாலோ தாண்டினாலோ வியாதி. இடையிலிருப்பது வாசற்படி. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 5.7க்குக் கீழே சரி, 6.5இலிருந்து வியாதி. இதற்குப் பட்டினியாக வரத் தேவையில்லை. அறிகுறி எதுவுமில்லாமல் அளவு கூடியிருந்தால் இன்னொரு முறையும் சோதித்தே உறுதி செய்வார்கள், ஆகவே முதல் சீட்டைப் பார்த்து யாரும் கலங்க வேண்டாம். வரும்போது பழைய சீட்டுகளிருந்தால் கொண்டுவாருங்கள். மகனையோ மகளையோ அழைத்து வருகிறவர்கள், அவர்கள் மருத்துவரிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேச இடங்கொடுத்து, வெளியே என்னோடு உட்கார்ந்திருக்கலாம்.